வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன்

குண்டாற்றுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகம், தெற்கே ஒரு பல்கலைக்கழகம். வடக்கே இருப்பது வடகரிசல் பல்கலைக்கழகம். தெற்கே இருப்பது தென்கரிசல் பல்கலைக்கழகம். இரண்டும் அரசாங்கத்துக்குச் சொந்தம். இரண்டு வளாகத்திலும் ஒரே மாதிரி சீமைக்கருவேலம், ஒரே மாதிரி மயில். தண்ணீர் லாரி மட்டும் நிஜமாகவே ஒன்றுதான். காலையில் வடக்கே இறக்கிவிட்டு மத்தியானம் தெற்கே போகும். இந்த இரண்டையும் வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போடுகிறவர்களுக்கும் வெட்கம் என்று ஒன்று உண்டு.

போன வருஷம் நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களின் தரவரிசை வெளியானது. தென்கரிசல் நூற்றுப் பன்னிரண்டாவது இடம். வடகரிசல் நூற்றுப் பதின்மூன்று.

வடகரிசலின் துணைவேந்தர் பேராசிரியர் அருஞ்சுனை அன்றைக்கே ஆட்சிக்குழுவை அவசரமாகக் கூட்டினார். நூற்றுப் பதின்மூன்று என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அக்கரைக்காரன் நூற்றுப் பன்னிரண்டு என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "இப்பல்கலைக்கழகம் முழுமனதோடு வெட்கப்படுகிறது" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் வகுப்பு யார் எடுப்பது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இப்போது மட்டும் யார் எடுக்கிறார்கள் என்று நினைவூட்டி அவரை உட்கார வைத்தார்கள். இருந்தாலும் நிர்வாக வசதிக்காக, பல்கலைக்கழகத்தின் சார்பில் வெட்கப்படுவதற்கென்று ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. பயணப்படி உண்டு. குழு கொடைக்கானலுக்குப் போய் நன்றாக வெட்கப்பட்டுவிட்டுத் திரும்பி வந்து அறிக்கை கொடுத்தது.

தென்கரிசல் இரண்டே விஷயத்தில்தான் முந்தியிருக்கிறது என்றது அறிக்கை. ஒன்று, நற்பெயர். இன்னொன்று, பட்டதாரிப் பயன். அதாவது படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது. 'படிக்கும்போது என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது நமக்குச் சாதகம்' என்று அடிக்குறிப்பும் இருந்தது.

முதலில் நற்பெயரைக் கவனித்தார்கள். நான்கு பேராசிரியர்கள் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் போய் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "வடகரிசல் பல்கலைக்கழகம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று விசாரித்தார்கள். மிளகாய் மூட்டையோடு நின்ற ஓர் அம்மாள், "கேள்விப்படாம என்ன? எங் கொழுந்தன் மகன அங்கனதான் பாழாக்கி அனுப்புனாக" என்றாள். 'பெயர் குடும்பம் குடும்பமாகப் பரவியுள்ளது' என்று எழுதிக்கொண்டார்கள். மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அது இன்னுமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். அதை 'நீடித்த புகழ்' என்று எழுதினார்கள்.

பட்டதாரிப் பயன் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. பழைய மாணவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு தங்கலட்சுமியிடம் வந்தது. அவர் அங்கேயே படித்து அங்கேயே கௌரவ விரிவுரையாளராக இருப்பவர். கௌரவ விரிவுரையாளர் என்றால் கௌரவம் மாதாமாதம் உண்டு, சம்பளம் வருகிறபோது வரும். போனை எடுத்து முதல் ஆளைக் கூப்பிடும் முன்பே, பழைய மாணவி என்ற முறையில் தன் பெயருக்கு நேரே 'வேலை பார்க்கிறார்' என்று எழுதிக்கொண்டார்.

இங்கேதான் மதன்குமார் வருகிறான். நரிக்குடிக்குத் தெற்கே ஒத்தப்பனைக்குளம் அவன் ஊர். வடகரிசலில் எம்.ஏ. பொருளாதாரம், முதல் வகுப்பு. பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து எழுதாத பரீட்சை இல்லை, அனுப்பாத விண்ணப்பம் இல்லை. வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று அப்பா நல்லமுத்து தம்முடைய நாற்பது ஆடுகளையும் அவனிடம் ஒப்படைத்தார். வேலை கிடைக்கவில்லை. ஆடுகள் அவனிடமே இருந்தன.

அவன் தங்கை சத்யபிரியா அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல மார்க்கு. வடகரிசலிலும் இடம் கிடைத்தது. மேற்கே, ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற இன்னோர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் படிப்புக்கும் இடம் கிடைத்தது. நல்லமுத்து யோசிக்கவே இல்லை.

"நீ மேற்கயே போத்தா. இங்கன படிச்சவன் லட்சணத்தத்தான் நித்தம் ஆட்டுக் கிடையில பாக்குறேனே" என்றார்.

அந்தப் பேச்சு மதன்குமாருக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் தங்கச்சி தப்பித்தாளே என்று சந்தோஷமும் பட்டான். கண்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டு இப்படிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

"வடகரிசல் பல்கலைக்கழகப் பட்டதாரிப் பயன் மையத்துல இருந்து பேசுறேன். மதன்குமாருங்களா?"

"ஆமா மேடம்."

"வேலை பாக்குறீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்."

"எப்ப இருந்து?"

"படிச்சு முடிச்ச அன்னைல இருந்தே பாக்குறேன். ஒரு நாக்கூட விட்டதில்ல."

தங்கலட்சுமி 'பட்டம் பெற்ற உடனேயே' என்று எழுதினார்.

"எந்த ஊர்ல பாக்குறீங்க?"

"ஒரு ஊருன்னு இல்ல மேடம். மதுரை, திருப்பூரு, மெட்ராஸு, எல்லா ஊர்லயும் பாக்குறேன்."

"எந்தத் துறை?"

"துறையெல்லாம் இப்பப் பாக்குறதில்ல மேடம். எதுன்னாலும் சரி."

'பல்துறை' என்று எழுதினார்.

"மேலதிகாரி யாரு? உங்களுக்கு மேல?"

மதன்குமார் அண்ணாந்து பார்த்தான். ஒரு பருந்துதான் வட்டமடித்துக்கொண்டிருந்தது. "மேல ஆரும் இல்ல மேடம்."

"அப்ப உங்களுக்குக் கீழ?"

கரையில் நின்றவன் கீழே பார்த்தான். "நாப்பது இருக்கு."

"நாற்பதா! எல்லாரும் ஒழுங்கா வாராங்களா?"

"வராம எங்கிட்டுப் போகும்? சாயங்காலம் ஒண்ணொண்ணா எண்ணித்தான் மேடம் உள்ள விடுவேன்."

"பின்னால ஏதோ சத்தம் கேக்குதே?"

"நம்மாளுகதான் மேடம்."

தங்கலட்சுமி ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கேட்டதைத்தான் எழுதினார். அவருடைய தாளைப் படித்த பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொந்தமாகத் தொழில் தொடங்கி நாற்பது பேருக்கு வேலை கொடுத்த ஒருவன்! தென்கரிசலிடம் அப்படி யார் இருக்கிறார்கள்? அங்கே உச்சபட்சம் ஒரு வங்கி மேலாளர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

மற்றவர்களும் மோசமில்லை. கூப்பிட்ட அத்தனை பேரும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னார்கள். தணிக்கைப் பிரிவில் மட்டும் ஒரு சந்தேகப்பிராணி, "பொண்ணு பாக்குறான்னா இன்னும் பொண்ணு கெடைக்கலைன்னுதான அர்த்தம்? அதே மாதிரி, வேலை பாக்குறான்னா..." என்று இழுத்தார். விஷயம் தமிழ்த் துறைக்குப் போனது. 'பார்த்தல் எனும் சொல் தேடுதலையும் குறிக்கும், செய்தலையும் குறிக்கும். எதைக் குறிக்க வேண்டும் என்பதை ஆட்சிக்குழு தீர்மானிக்கலாம்' என்று துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தார். ஆட்சிக்குழு செய்தல் என்று தீர்மானித்தது. ஒரே கூட்டத்தில் வடகரிசலின் வேலைவாய்ப்பு தொண்ணூற்றெட்டு சதவீதம் ஆனது. பாக்கி இரண்டு சதவீதம் போனை எடுக்காதவர்கள்.

நரிக்குடி முக்கில் ஃபிளெக்ஸ் ஏறியது. மதன்குமாரின் அடையாள அட்டைப் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். 'நாற்பது குடும்பங்களில் விளக்கேற்றிய எங்கள் மாணவர், தொழிலதிபர் மதன்குமார்' என்று எழுதி, ஓரத்தில் துணைவேந்தர் கைகூப்பிக்கொண்டிருந்தார். கீழே, பல்கலைக்கழகத்தில் அவனுக்கு நடக்கப்போகும் பாராட்டு விழாவின் தேதி.

மகன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மூன்று வருஷமாகப் பின்தெரு வழியாகவே டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர் நல்லமுத்து. கேட்டுவிட்டால், "வேலை பாக்குறான்" என்று வாய்க்குள் முனகிவிட்டு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். அன்றைக்கு முன்தெரு வழியாகப் போனார். கடையில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மேலத்தெரு மாரிக்கனி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். அவள் மகன் அசோக்கும் வடகரிசல்தான், பி.எஸ்ஸி.

"அண்ணே, மருமகன் கம்பெனியில நாப்பது பேராமே. நாப்பத்தொண்ணா எம் மகனையும் ஒரு ஓரமா ஒக்கார வைக்கச் சொல்லுங்கண்ணே."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பாக்குறேம்மா" என்றார் நல்லமுத்து.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "சத்யா, மேற்கயெல்லாம் வேணாம். வடகரிசல்லயே சேந்துரு" என்றார்.

"என்னப்பா பேசுறீக? அந்த போர்டு பொய்ப்பா. அண்ணன் ஆடு மேய்க்கிறது ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதுல்ல?"

"நித்தம் ஊருக்குள்ள கூடித்தான ஆட்டப் பத்திக்கிட்டுப் போறான்? ஊருக்குந்தான் தெரியும்."

"தெரிஞ்சுதானத்தா கும்பிடுறாக!" என்றார் நல்லமுத்து. அவள் மறுபடி வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இப்பப் போயி ஒன்ன மேற்க அனுப்புனா, அண்ணன் படிச்ச எடம் ஆகாதான்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல? இன்னைக்குத்தான் நிமிந்து நடந்தேன்."

சத்யபிரியா அண்ணனிடம் வந்தாள். "அண்ணே, மேற்க சேர்றதுக்குக் கடைசி நாளு, ஒனக்கு நடக்குற விழாவுக்கு மறுநாளு. அதுக்குள்ள நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் உண்டு."

"சொல்றேன்" என்றான் மதன்குமார். அப்பா முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டான்.

"மேடம், நான் வேலை பாக்குறதுன்னு சொன்னது, தேடுறதைச் சொன்னேன். அத மாத்திருங்க."

தங்கலட்சுமி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிறகு விதியை வாசித்தார். "திருத்தம் செய்யணும்னா உங்க நிறுவனத் தலைவர்கிட்ட இருந்து கடிதம் வேணும்."

"தலைவரு நாந்தான் மேடம்."

"அப்ப நீங்களே குடுக்கலாம். அப்படி ஒரு நிறுவனமே இல்லைன்னு எழுதி, நிறுவனத்தோட முத்திரை வச்சு அனுப்புங்க."

"இல்லாத நிறுவனத்துக்கு முத்திரை எங்க மேடம் இருக்கும்?"

"முத்திரை இல்லாத கடிதத்தை வாங்கமாட்டாங்க தம்பி" என்றார் தங்கலட்சுமி. குரல் இறங்கியிருந்தது. "நானும் ஒரு தடவ என்னோடதை மாத்தப் பாத்தேன்."

இதற்கிடையில் தரவரிசைக் குழு விழாவுக்கு நேரிலேயே வரப்போவதாகத் தகவல் வந்தது. நிறுவனத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று பதிவாளர் காரில் கிளம்பி ஒத்தப்பனைக்குளம் வந்தார். கண்மாய்க்கரையில் கார் நின்றது. இறங்கினார். மதன்குமாரைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். பதிவாளர் இருபது வருஷ நிர்வாக அனுபவம் உள்ளவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதுதான் ஊழியர்களா?"

"சார், இது ஆடு சார்."

"ஆண் பெண் விகிதம்?"

"கெடா ரெண்டு சார். மிச்சமெல்லாம் பெட்டை."

"தொண்ணூற்றைந்து சதம் பெண்கள்!" பதிவாளர் அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டார். "தென்கரிசல்காரன் இதைக் கேட்டால் செத்தான். சரி, ஆண்டுதோறும் எல்லாரையும் அப்படியே வைத்திருக்கிறீர்களா?"

"இல்ல சார், கோயில் கொடைக்கு ரெண்டு மூணை வெட்டிருவோம்."

"ஆட்குறைப்பு" என்று எழுதினார். "பெரிய நிறுவனங்கள் எல்லாம் செய்வதுதான்."

"சார், ஆடு குறையும் சார். அதைத்தான் சொன்னேன்."

"அதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன்."

குழுவின் முன்னால் ஆடுகளை மேடையேற்ற முடியாது என்பதில் மட்டும் பதிவாளருக்குத் தெளிவு இருந்தது. மேடைக்கு ஐந்து படி. ஆடுகளுக்கு அது ஒரு தாவல்தான், ஆனால் இறங்கும்போது துணைவேந்தர் மேல் இறங்கிவிட்டால் வம்பு. ஆகவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பழைய மாணவர்களில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அன்று ஒரு நாளைக்கு மதன்குமாரின் ஊழியர்களாக நியமித்தார். கழுத்தில் மாட்ட அட்டை, மத்தியானம் பிரியாணி, முடிந்ததும் ஒரு நாள் பணி அனுபவச் சான்றிதழ். எம்.பில். முடித்தவர்கள் முன்வரிசை.

அந்த நாற்பதில் மாரிக்கனியின் மகன் அசோக்கும் ஒருவன். நியமன உத்தரவு வீட்டுக்கு வந்தது. அது ஒரு நாளைக்குத்தான் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மாரிக்கனி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் நல்லமுத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

நல்லமுத்து சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னப்பா, உறைக்குதா?" என்று கேட்டாள் சத்யபிரியா.

"முட்டைக் கோழித்தா" என்றார். வாய்க்குக் கொண்டுபோகாமலே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அப்படியும், மேற்கே போ என்று அவர் சொல்லவில்லை.

விழா நாளில் வடகரிசல் வளாகமே மாறியிருந்தது. நூலகத்துக்கு வெள்ளையடித்ததில் சாவித் துவாரம் அடைத்துக்கொண்டது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மூன்று பேர் கொண்ட தரவரிசைக் குழு மேடையில் உட்கார்ந்தது. அவர்களுக்குப் பின்னால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். முன்வரிசையில் நல்லமுத்து வேட்டி விறைக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சத்யபிரியா, அந்தப் பக்கம் புதுச் சேலையில் மாரிக்கனி.

துணைவேந்தர் அருஞ்சுனை எழுந்தார்.

"பெரியோர்களே! எங்களைச் சிலர் தென்கரிசலோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடட்டும். அங்கே நூறு பேர் படித்தால் பத்துப் பேர் வெளிநாடு போகிறார்கள். எங்கள் மாணவன் எங்கும் போவதில்லை! படித்து முடித்ததும் சொந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறான். பெற்றோரை இந்த வயதில் தனியே விடாத பல்கலைக்கழகம் எது என்று கேட்கிறேன். அங்கே ஆய்வுக் கட்டுரைகளை ஆயிரம் பேர் படிக்கிறார்களாம். எங்கள் கட்டுரைகளை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. படித்தால்தானே குறை சொல்வதற்கு! எங்கள் பேராசிரியர்களில் பாதிப்பேர் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவத்துக்காக மட்டுமே உழைப்பவர்களைக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு நற்பெயரில் குறைந்த மதிப்பெண்ணா? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இதோ எங்கள் மதன்குமார்!"

கைதட்டல் எழுந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய நாற்பது பேரும் நல்லமுத்துவுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் மதன்குமாருக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்.

குழுவின் தலைவர் கொஞ்சம் வயதானவர். காதில் கருவி வைத்திருந்தார். "சொல்லுங்க தம்பி. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

மதன்குமார் அப்பாவைப் பார்த்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்தான். அவள் மடியில் மேற்கேயிருந்து வந்த கடிதம் இருந்தது. நான்காக மடித்துப் பிடித்திருந்தாள்.

"சார், நான் வேலை பாக்கல" என்றான். "தேடுறேன். எங்கிட்ட இருக்கிறது நாப்பது ஆடு. அதுவும் எங்கப்பாவோடது."

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

துணைவேந்தர் மைக்கை மென்மையாகத் தன் பக்கம் சாய்த்தார். "தன்னடக்கம்!" என்றார். "பாருங்கள், நாற்பது பேருக்கு முதலாளி, தன்னை இடையன் என்கிறான். இதைத்தான் நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"தன்னடக்கம் இல்ல சார், நெசமாவே..."

"தேடுகிறேன் என்கிறான்! தேடல்தானே ஐயா ஆராய்ச்சி?"

இன்னும் பலத்த கைதட்டல். என்ன சொன்னாலும் அது தனக்குப் பெருமையாகவே போய் முடிவதைப் பார்த்து மதன்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"சரி. நான் சொன்னா நம்ப மாட்டீக. இங்க இருக்கிறவுகள்ல வேலை கெடைக்காம தேடிக்கிட்டு இருக்கிறவுக மட்டும் எந்திரிச்சு நில்லுங்க. அட்டை மாட்டுனவுகளும்தான். ஆரும் வெக்கப்படாதீக."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு அட்டைக்காரர்களின் முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எம்.பில். ஒருவர் எழுந்தார். அடுத்தவர் எழுந்தார். அட்டை மாட்டியவர்கள் ஒவ்வொருவராக எழ, அவர்களுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையிலும் எழுந்தார்கள். மேடை ஓரத்தில் நிகழ்ச்சி தொகுத்துக்கொண்டிருந்த தங்கலட்சுமி கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். குழுவோடு வந்து கோப்பு தூக்கிய இளைஞர் கோப்புகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்; தத்துவத்தில் முனைவர், ஒப்பந்தத்தில் இருக்கிறார். அசோக் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மாரிக்கனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தான்.

அரங்கத்தின் பெரும்பகுதி நின்றுகொண்டிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

துணைவேந்தர் ஒரு கணம்தான் அவர்களைப் பார்த்தார். மறுகணம் இரண்டு கையையும் விரித்தார்.

"எழுந்து நின்று மரியாதை! பார்த்தீர்களா? ஒரு பழைய மாணவனுக்கு ஒட்டுமொத்த அரங்கமும் எழுந்து நின்று மரியாதை செய்கிறது! என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை!" என்று தானும் கைதட்டத் தொடங்கினார். பதிவாளர் தட்டினார். ஆட்சிக்குழு தட்டியது. காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்த குழுத் தலைவர் கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய், தானும் எழுந்து நின்று தட்டினார். நிற்கிறவர்களுக்கு எப்போது உட்காருவது என்று தெரியவில்லை.

தரவரிசை பிறகு வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நற்பெயரில் வடகரிசலுக்கு அபாரமான ஏற்றம். மொத்தத்தில் நூற்றுப் பன்னிரண்டு. தென்கரிசல் நூற்றுப் பதின்மூன்றுக்கு இறங்கியது. தென்கரிசல் ஆட்சிக்குழு அவசரமாகக் கூடி வெட்கப்பட்டது. அவர்களுக்கு அதில் முன் அனுபவம் இல்லாததால், வடகரிசலின் துணைக்குழுவையே ஆலோசகர்களாக அழைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை ஊட்டி.

நான் பஸ்ஸுக்கு வருகிறேன். விழா முடிந்த சாயங்காலம், திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற டவுன் பஸ். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மதன்குமார் பின்சீட்டில் இருந்தான். அரங்கத்தை விட்டு வந்ததிலிருந்து அப்பா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு முன்சீட்டில் நல்லமுத்துவும் சத்யபிரியாவும். அவர்களுக்கு முன்னால் மாரிக்கனி, பக்கத்தில் அசோக்.

திருச்சுழி தாண்டியதும் நல்லமுத்து மெதுவாகக் கூப்பிட்டார். "ஏத்தா, மாரிக்கனி."

"என்னண்ணே?"

"ஒரு பெட்டைக்குட்டியப் பிடிச்சுக்கிட்டுப் போ. கோழிக்கு."

"அதெல்லாம் வேணாம்ண்ணே."

"முட்டைக் கோழித்தா அது. எனக்கு எறங்கல."

மாரிக்கனி திரும்பவில்லை. முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டது மட்டும் தெரிந்தது. "நாளைக்கு வாரேண்ணே. வெள்ளைக் காதுக் குட்டியத்தான் பிடிப்பேன்" என்றாள்.

நல்லமுத்து மகள் பக்கம் திரும்பினார். "மேற்க போற பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

சத்யபிரியா நிமிர்ந்தாள். அவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்த்தாள். "ராத்திரி ஒம்பதரைக்குப்பா, அருப்புக்கோட்டையில இருந்து."

"வீட்டுக்குப் போயி பெட்டியக் கட்டு. அண்ணன் வந்து ஏத்தி விடுவான்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "படிச்சு முடிச்சதும் அங்கிட்டும் போன் பண்ணிக் கேப்பாக. கெடச்சிருந்தா கெடச்சிருச்சுன்னு சொல்லு. கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு சொல்லு. இந்தப் பாக்குறேங்கிற பேச்சு மட்டும் வேணாம்த்தா."

பஸ் குலுங்கியது. காரியாபட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், சால்வையும் கையுமாக இருந்த மதன்குமாரையே பார்த்துக்கொண்டு வந்தவர், நல்லமுத்துவின் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி ஒங்க மகனாக்கும்? என்ன பண்றாப்ல?"

நல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்று வருஷமாகப் பழகியிருந்த சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"வேலை தேடுறான்" என்றார். பஸ் முழுக்கக் கேட்டது. "அது வரைக்கும் ஆடு மேய்க்கிறான்."

மதன்குமார் நிமிர்ந்து அப்பாவின் பிடரியைப் பார்த்தான்.

"அப்பிடியா! எம் மகனும் எம்.காம். படிச்சிருக்கான்" என்றார் அந்த மனிதர். "மதுரையில வேலை பாத்துக்கிட்டு இருக்கான்."

"பாக்குறானா, தேடுறானா?" என்று கேட்டார் நல்லமுத்து.

அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி, தண்ணீரில்லாத குண்டாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.